பாதகக் குறிப்பு ஏதுமில்லை

ஓய்வுபெற்ற இன்ஜினியரைத் தேடி ஆட்கள் வருவது பெரும்பாலும் இரண்டு காரியத்துக்கு. வீட்டுச் சுவரில் விரிசல் விட்டிருக்கிறது, வந்து பாருங்கள் என்பார்கள். அல்லது அரசாங்க ஆபீசில் ஒரு மனு நகர மாட்டேன் என்கிறது, யாரைப் பார்க்க என்பார்கள். நான் முப்பத்தைந்து வருஷம் கால்வாய்க்கும் மதகுக்கும் வேலை பார்த்தவன், சுவரைப் பற்றி அதிகம் தெரியாது என்றால் நம்புவதில்லை. போன மாதம் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு இளம் பொறியாளர்கள் மூன்றாவதாக ஒரு காரியம் கொண்டுவந்தார்கள். மேலாண்மைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்களாம். பழைய மேலதிகாரியின் சிபாரிசுக் கடிதம் வேண்டுமாம். உங்களிடம் வேலை பார்த்த செல்விக்கு எழுதின மாதிரியே எங்களுக்கும் எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

அந்த மாதிரி இன்னொன்று என்னால் எழுத முடியாது. ஏன் முடியாது என்று சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். எஸ்தர் காப்பி கொண்டுவந்து பேச்சை மாற்றினாள். எஸ்தர் என் மனைவி. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள். வாயால் சொல்ல வராததை எழுதிவிடுங்கள் என்று அவள்தான் சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

படிப்பு, பரீட்சை, பயிற்சி எல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான். எனக்கு முதல் வேலை ஏரல் பக்கம். இரண்டாம் வருஷமே ஒரு அடி வாங்கினேன். மேலதிகாரி ஒருவர் போனில், மதகு ஷட்டரை இரண்டடி தூக்கிவிடு என்றார். தூக்கினேன். கீழே நாற்று நட்டிருந்த வயல்களில் தண்ணீர் ஏறிவிட்டது. விசாரணை வந்தபோது, நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று அவர் கையை விரித்துவிட்டார். எனக்கு ஒரு வருஷ ஊதிய உயர்வு போயிற்று. கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். மாமனார் வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த அதிகாரி மாற்றலாகிப் போனபிறகு வந்தவர் பரமசிவம் சார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் எதிரே நிற்பவன் தன் தப்பைத் தானே கண்டுபிடித்துச் சொல்லிவிட வேண்டும். எந்தக் காகிதத்தையும் உட்கார்ந்து படிக்கமாட்டார். ஜன்னல் பக்கம் நின்று, பென்சில் முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்து, கடைசி வரியைத் தாண்டியபிறகுதான் பச்சை மைப் பேனாவைத் திறப்பார். என் கதையைக் கேட்டுவிட்டு மெனக்கெட்டுத் தன் கையாலேயே ஒரு மேல்முறையீடு எழுதிக் கொடுத்தார். அது பலிக்கவில்லை. "எழுத்துல வாங்காத உத்தரவு உத்தரவே இல்லடே" என்றார். அன்றிலிருந்து நான் எழுத்தில் வாங்காமல் எதையும் செய்ததில்லை.

ரகசியக் குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். தனக்குக் கீழே உள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் வருஷத்துக்கு ஒருமுறை அதிகாரி எழுதி மேலே அனுப்பும் படிவம் அது. அதிகம் புகழ்ந்தால், அடுத்த வருஷம் ஏன் அப்படிப் புகழவில்லை என்று கேள்வி வரும். குறை சொன்னால் ஆதாரம், விளக்கம், விசாரணை. ஆகவே மூன்றே வரி. கடின உழைப்பாளி. கீழ்ப்படிதல் உள்ளவர். பாதகக் குறிப்பு ஏதுமில்லை. இந்த மூன்றாவது வரிக்காகத்தான் எங்கள் துறையில் எல்லோரும் பயந்து பயந்து வேலை பார்ப்போம். அது இருந்தால் பதவி உயர்வு, இல்லாவிட்டால் கிடையாது. நானும் அதிகாரியான பிறகு, எனக்குக் கீழே வேலை பார்த்த அத்தனை பேருக்கும் அந்த மூன்று வரியைத்தான் எழுதினேன். அவர்களில் சிலர் தங்கமானவர்கள், சிலர் சரியான சோம்பேறிகள். படிவத்தில் எல்லோரும் ஒன்றுதான்.

கடைசியாக நான் இருந்தது சேரன்மகாதேவிக்கு மேற்கே ஒரு கால்வாயில். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். அங்கேதான் முத்துச்செல்வி எனக்குக் கீழே உதவிப் பொறியாளராக வந்து சேர்ந்தாள். ஆழ்வார்குறிச்சிக்காரி. அப்பாவுக்கு வாழை விவசாயம். வந்த மாதமே கால்வாய் முழுவதையும் நடந்து பார்த்து, எந்த இடத்தில் கரை மெலிந்திருக்கிறது என்று செல்போனில் ஒரு வரைபடம் தயாரித்துவிட்டாள். நான் அதைத் தாளில் அச்செடுத்துக் கோப்பில் வைக்கச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே வைத்தாள்.

அந்தக் கால்வாயின் நடுவில் மூன்று ஷட்டர் கொண்ட வடிமதகு ஒன்று உண்டு. கால்வாய் தாங்காத அளவு தண்ணீர் வந்தால், அதைத் திறந்து பக்கத்து ஓடை வழியாக ஆற்றுக்கே திருப்பி அனுப்பிவிடலாம். ஆனால் ஓடையின் இரண்டு கரையிலும் வாழை. திறந்தால் வாழை மூழ்கும். திறக்காவிட்டால் கால்வாய்க் கரை உடையும். கரைக்குக் கீழே பள்ளத்தில் ஒரு தெரு இருக்கிறது, அறுபது எழுபது வீடு. அதனால் அந்த மதகைத் திறக்க மேலிடத்து எழுத்து உத்தரவு வேண்டும் என்பது நெடுநாள் ஏற்பாடு.

நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்து மாதம் இருக்கும்போது அந்த மழை வந்தது. அதைத் திருநெல்வேலிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதல் நாள் சாயங்காலமே கால்வாய் நிரம்பி ஓடியது. என் எழுத்து உத்தரவு வராமல் ஷட்டரில் கைவைக்கக் கூடாது என்று செல்வியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் உத்தரவு வாங்கத் திருநெல்வேலிக்கு வந்தேன். அதிகாரி தன் மேலதிகாரிகளுடன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். வெளியே பெஞ்சில் யாருடைய போனும் மணியடிக்கக் கூடாது, அடித்தால் கதவைத் திறந்துகொண்டு வந்து திட்டுவார். நான் போனை ஊமையாக்கிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கிடைத்த உத்தரவு இதுதான்: கள ஆய்வுக்குப் பின், ஒரு ஷட்டரை மட்டும், ஓர் அடி திறக்கலாம்.

படியிறங்கும்போது போனைப் பார்த்தேன். செல்வி ஏழு தடவை அழைத்திருந்தாள்.

ஜீப் போய்ச் சேர ஒன்றரை மணியாயிற்று. இரண்டு ஷட்டர் முழுதாக மேலே தூக்கியிருந்தது. தெருவுக்கு நேராகக் கரையின் உட்பக்கம் ஒரு பஸ் நீளத்துக்குச் சரிந்து கிடந்தது. எங்கள் மதகு ஆள் இசக்கி எனக்குக் குடை பிடித்துக்கொண்டே வந்தார். "பைய வாங்க சார், வழுக்கும். செல்வி அம்மா ஒம்பதே முக்காலுக்குத் தொறந்தாவ. இல்லேன்னா இந்நேரம் தெருவே இருந்திருக்காது" என்றார்.

மதகு அறைக்கு வெளியே வாழைக்காரர்கள் முப்பது பேர் நின்றார்கள். குலை தள்ளின வாழை. அவர்கள் கோபத்தில் என்ன தப்பு? "யாரைக் கேட்டுவே தொறந்தீரு? சொல்லும்வே" என்று ஒருவர் என் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். செல்வி நனைந்த மழைக்கோட்டோடு முன்னால் வந்து வாயைத் திறந்தாள். நான் அவளைத் தாண்டி உள்ளே போய், மதகுப் பதிவேட்டை எடுத்து, யார் உத்தரவின்படி என்ற கட்டத்தில், எனது வாய்மொழி உத்தரவின்படி, காலை 9.45 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பின்னாலேயே வந்து அதைப் பார்த்துவிட்டாள். "சார், நீங்க அப்படிச் சொல்லலயே."

"நீ பேசாம இரு" என்றேன்.

அந்த நேரத்தில் நான் செய்தது சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். உத்தரவில்லாமல் திறந்தாள் என்று இருந்தால் அவளுக்கு மெமோ வரும், இருபத்தாறு வயசில் அது கடைசிவரை கூடவே வரும். எனக்கு ஐந்து மாதம்தான் பாக்கி, வருவது வரட்டும் என்று எழுதினேன். அப்புறம் அவள் மூன்று நாள் அந்த வாழைக்காரர்களோடேயே சேற்றில் நின்று, சாய்ந்த மரங்களைக் கணக்கெடுத்து, நிவாரணத்துக்கு எழுதினாள். முதல் நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் மூன்றாம் நாள் அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்தார்கள்.

நான் திட்டை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். வந்தது பாராட்டுச் சான்றிதழ். குடியரசு தினத்தன்று மேடையில், சமயோசிதமாக முடிவெடுத்து ஒரு தெருவையே காப்பாற்றியவர் என்று என் பெயரை வாசித்தார்கள். செல்வி நாலாவது வரிசையில் உட்கார்ந்து, கை சிவக்கத் தட்டினாள்.

உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று இரண்டு தடவை அதிகாரி ஆபீசுக்குக் கிளம்பினேன். சொன்னால் பதிவேட்டில் பொய் எழுதியது வெளியே வரும், என் ஓய்வூதியம் நிற்கும், அவளுக்கு மெமோவும் வரும் என்று வழியிலேயே காரணங்களைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மேடையில் கேட்ட கைதட்டல் எனக்கு இனித்தது என்பதும் உண்மை. எஸ்தர் சான்றிதழுக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். ஏப்ரலில் செல்விக்கு ரகசியக் குறிப்பு எழுதும்போது இரண்டாவது வரியில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு, கீழ்ப்படிதல் உள்ளவர் என்றே எழுதினேன்.

ஓய்வு பெற்று ஒரு வருஷம் கழித்துச் செல்வி வீட்டுக்கு வந்தாள். வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷம் மேலாண்மைப் படிப்பு படிக்கப் போகிறாளாம். நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வந்திருக்கிறதாம். அதை முடித்து முதலீட்டு வங்கியில் சேர வேண்டுமாம். பேங்க் வேலைக்கு எதற்கம்மா இரண்டு வருஷப் படிப்பு, ஒரு பரீட்சை எழுதினால் போதுமே என்று நான் கேட்டேன். எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டாள். செல்வி பொறுமையாக விளக்கினாள். பாஸ்புக் போடுகிற பேங்க் இல்லையாம் அது. கம்பெனிகளுக்கும் அரசாங்கங்களுக்கும் கோடிக்கணக்கில் பணம் திரட்டிக் கொடுக்கிற வேலையாம்.

"அந்தக் கரையைக் கட்ட நாலு தடவை எஸ்டிமேட் அனுப்பியாச்சு சார். நாலு தடவையும் பணமில்லைன்னு திரும்பி வந்துட்டு. பணம் எங்கன போகணும்னு முடிவு பண்ணுத மேசையில கால்வாயைப் பாத்த ஆளு ஒருத்தரும் இல்ல. நான் அங்கன போய் உக்காரணும்" என்றாள்.

அவள் அப்பா மறுநாளே எனக்குப் போன் செய்தார். சர்க்கார் வேலையை விட்டுவிட்டுக் கடன் வாங்கிப் படிக்கப் போகிறேன் என்கிறாள், நீங்கள் கடிதம் தராவிட்டால் நின்றுவிடுவாள் என்று கெஞ்சாத குறை. அவருக்கு நான் என்ன சொல்ல? உள்ளதை எழுதுவேன் என்று மட்டும் சொன்னேன். சொன்னபோது அதன் அர்த்தம் எனக்கே தெரிந்திருக்கவில்லை.

கல்லூரியிலிருந்து மின்னஞ்சலில் படிவம் வந்தது. அதை நேரே அவர்களுக்குத்தான் அனுப்ப வேண்டும், விண்ணப்பித்தவர் கண்ணில் படக் கூடாது என்பது விதி. நானும் உட்கார்ந்து சிரத்தையாக நிரப்பினேன். கடின உழைப்பாளி என்று எழுதினேன். கீழ்ப்படிதல் உள்ளவர் என்று எழுதினேன். இவரிடம் திருத்திக்கொள்ள வேண்டிய குறை என்ன என்ற கேள்விக்கு, ஏதுமில்லை. உங்கள் கருத்துக்கு இவர் மாறுபட்ட சந்தர்ப்பம் ஒன்றை விவரிக்கவும் என்ற கேள்விக்கு, அப்படி எதுவும் நிகழவில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் ஒரு பெருமையில் அவளுக்குப் போன் போட்டு, உனக்கு ஒரு பாதகக் குறிப்புகூடக் கிடையாது என்று எழுதியிருக்கிறேன் என்றேன்.

"சார், குறையே இல்லைன்னு எழுதினா, எழுதினவருக்கு ஆளையே தெரியாதுன்னுதான் அங்கன எடுத்துக்கிடுவாங்க. நடந்தது ஏதாவது ஒண்ணை எழுதணும்" என்றாள். அந்த வரைபடத்தைப் பற்றி எழுதலாமே என்று அவளே யோசனையும் சொன்னாள். கெடு நாளை மறுநாள்.

வெள்ளத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் விண்ணப்பக் கட்டுரைகளிலும் அதை எழுதவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவள் செய்ததிலேயே பெரிய காரியம் அந்த மதகைத் திறந்தது. அதை எழுதினால் என் சான்றிதழ் பொய்யாகிவிடும் என்று விட்டுவிட்டாள். போனை வைத்தபிறகு எனக்கு அந்தத் திரையைப் பார்க்கவே கூசியது. அப்படி எதுவும் நிகழவில்லை என்று நான் எழுதிய வரி அங்கேயே இருந்தது.

அடுத்த நாள் காலை எஸ்தர் வழக்கம்போலக் கூடத்தில் படங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகி முப்பத்துமூன்று வருஷத்தில் அவளிடம் நான் மறைத்தது இது ஒன்றுதான். துணியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டாள்.

"அப்போ ஒன்றரை வருஷமா நான் யாரோட சர்டிபிகேட்டைத் தொடச்சிக்கிட்டு இருக்கேன்?" என்றாள்.

இதைப் படிவத்தில் எழுதினால் பதிவேட்டில் பொய் எழுதினேன் என்று நானே ஒப்புக்கொண்டதாகும், ஓய்வூதியத்துக்கே வேட்டு வந்தாலும் வரும் என்றேன். அதைவிடப் பெரிய பயம் வேறு. உத்தரவை மீறியவள் என்று எழுதினால் எந்தக் கல்லூரி அவளைச் சேர்க்கும்? எழுதாவிட்டால் சேர்க்க மாட்டார்கள், எழுதினாலும் சேர்க்க மாட்டார்கள் என்றால் நான் என்ன செய்ய?

எஸ்தர் துணியை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "பென்ஷன் நின்னா என் பென்ஷன் இருக்கு. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கேன்."

நான் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் அடித்தாள். எனக்கு வழக்கமான ஆபீஸ் வார்த்தைகள் வரும்போதெல்லாம் கையை நிறுத்திவிட்டு, இப்படியா நடந்தது என்று கேட்டாள். மேற்படி உத்தரவு நிலுவையில் இருந்தபடியால் என்றேன். நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன் என்றேன். அதையே அடித்தாள். மத்தியானச் சாப்பாடு மறந்துபோயிற்று. கடைசியில், மாறுபட்ட சந்தர்ப்பத்தை விவரிக்கவும் என்ற அந்தக் கேள்விக்குக் கீழே இருந்தது இதுதான்: மதகைத் தொடாதே என்று நான் சொல்லியிருந்தேன். ஏழு முறை என்னை அழைத்தாள், நான் எடுக்கவில்லை. அவள் என் சொல்லை மீறித் திறந்தாள். அவள் செய்தது சரி. திறந்தது நான் என்று பதிவேட்டில் எழுதினேன், அதற்காக எனக்குப் பாராட்டும் கிடைத்தது. அது அவளுடையது. என் பணிக்காலத்தில் நான் பார்த்த மிகச் சரியான கீழ்ப்படியாமை இது. 'கீழ்ப்படியாமை' என்பதற்கு வேறு மென்மையான சொல் வேண்டாமா என்று எஸ்தர் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

பொத்தானை நான்தான் அழுத்தினேன். அதற்குப்பிறகு இரண்டு வாரம், ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமோ என்று சதா ஒரே நினைப்பு. நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது என்று அவள் சொன்னபோதுகூட நிம்மதி வரவில்லை. அங்கே வைத்து அவளை இதைச் சொல்லியே குடைவார்கள் என்று தோன்றியது. ஏற்கனவே ஒருமுறை போனில் உளறியாயிற்று, விதி இருக்கும்போது மறுபடியும் அவளுக்கு முன்கூட்டிச் சொல்லவும் மனம் வரவில்லை.

இடம் கிடைத்தது. வேலையிலிருந்து விடுவிப்பு ஆணை வாங்கிய கையோடு அப்பாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அப்பா ஒரு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். இன்னும் முகம் தெளியவில்லை, ஆனாலும் மகளின் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றார். எஸ்தர் அவரைப் பேச்சுக்கு இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

செல்வி நேர்முகத்தைப் பற்றிச் சொன்னாள். அறையில் மூன்று பேர் இருந்தார்களாம். அதில் வங்கித் தொழிலிலிருந்து வந்திருந்த ஒருவர் என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் மேலதிகாரி நீங்கள் கீழ்ப்படியவில்லை என்று எழுதியிருக்கிறாரே என்று ஆரம்பித்தாராம். அப்போதுதான் நான் என்ன எழுதினேன் என்பதே அவளுக்குத் தெரியும். தண்ணீர் குடிக்கட்டுமா என்று கேட்டு ஒரு வாய் குடித்தேன் சார், அழுதுவிடக் கூடாதே என்று இருந்தது என்றாள். எங்கள் தொழிலில் உத்தரவை மீறினால் கோடிக்கணக்கில் போகும், உங்களை ஏன் எடுக்க வேண்டும் என்று அவர் கேட்டாராம். சார் உத்தரவு வாங்கப் போனதே திறக்கத்தான், திறக்க வேண்டாம் என்று சொல்லப் போகவில்லை, நான் அவர் போன காரியத்தைத்தான் செய்தேன் என்று இவள் சொன்னாளாம்.

"இன்னொண்ணும் கேட்டாங்க சார். அன்னைக்கு அவர் அங்கன இருந்து, நீங்க தொறக்கணும்னு சொல்லி, அவர் வேண்டாம்னு தடுத்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்கன்னு."

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"அப்படி நடக்காதுன்னேன். சார் அங்கன நின்னு அந்தக் கரையைப் பாத்திருந்தா, எனக்கு முன்னாடி அவங்களே தொறந்திருப்பாங்கன்னேன்."

சும்மா அவர்களுக்காகச் சொன்னாயா என்று கேட்க நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை. கும்பிட்டுவிட்டு, அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். இப்போது மும்பையில் ஒரு முதலீட்டு வங்கியில் இருக்கிறாள். ஊர்களின் குடிநீர்த் திட்டங்களுக்குப் பணம் திரட்டுகிற பிரிவாம்.

நான் அன்றைக்கு அந்தக் கரையில் நின்றிருந்தால் திறந்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். கையில் காகிதம் இல்லாமல் அந்தச் சக்கரத்தைச் சுற்றியிருப்பேன் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அவள் மூன்று பேர் முன்னால் அடித்துச் சொல்லியிருக்கிறாள். என்னை என்னைவிட நல்லவனாக நினைத்த ஒருத்தி இருக்கிறாள் என்பதே இப்போதைக்கு எனக்குப் போதும்.